கால் பட்ட நொடியில் லூப் மூட வேண்டும்

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்குக் குடியாத்தம். வார நாட்களில் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, சனி ஞாயிறில் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா மேடைகளில் தனியாளாக லூப் போட்டு, அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் பாடுகிறேன். கிடார், கஞ்சிரா, குரல் மூன்றும் லேப்டாப்புக்குள் போகும், ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் இருக்கும் லூப்பரைத்தான் பயன்படுத்துகிறேன். சின்ன யுஎஸ்பி கீபோர்டின் சஸ்டெய்ன் துளையில் ஒரு பழைய பெடலைச் செருகி, அதை மிதித்து லூப்பை ஆரம்பித்து மூடுகிறேன். சில நாள் மூடிய உடனே லூப் நின்றுவிடுகிறது. சில நாள் நான் எதுவும் செய்யாமலே மேலே போட்ட அடுக்குகள் காணாமல் போகின்றன. போன மாதம் காட்பாடியில் ஒரு ரிசப்ஷனில் லூப் நின்று நின்று போய், கடைசியில் வெறும் கிடாரோடு பாடி முடித்தேன். நல்ல ஃபுட் கன்ட்ரோலர் வாங்க 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பத்துப் பட்டன் உள்ள பெஹ்ரிங்கர் எஃப்சிபி1010 ஒன்று வேலூரில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. நண்பன் நாலு பட்டன் புளூடூத் பெடலே போதும் என்கிறான். பாலிடெக்னிக் படித்த என் மச்சான் ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டு வைத்துத் தானே செய்து தருகிறேன் என்கிறான். எதை நம்பி வாங்குவது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எதை வாங்குவது என்பதற்கு முன்னால், இப்போது கையில் இருப்பது ஏன் காலை வாரியது என்பதைப் பார்த்துவிடலாம். காரணம் தெரியாமல் புதிதாக வாங்கினால் அதே வியாதி புதுப் பெட்டியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலூரில் இத்தனை வருஷமாக மிக்சர் பின்னால் உட்கார்ந்தும், பழுதான பெடல்களைப் பிரித்துப் பார்த்தும் நான் கண்டது, லூப் போடுகிறவர்களின் கஷ்டத்தில் பெரும்பங்கு அந்த ஒரு சுவிட்சுக்குள்தான் இருக்கிறது.

முதல் தொல்லை, மூடிய உடனே லூப் நிற்பது. லைவின் லூப்பரில் நடுவில் இருக்கும் பெரிய பட்டனைத்தான் பெடலுக்குக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பட்டன் ஒரே காலால் எல்லாவற்றையும் செய்வதற்காக வைத்தது. ஒரு முறை மிதித்தால் பதிவு ஆரம்பம், மறுபடி மிதித்தால் லூப் மூடி ஓடும், வேகமாக இரண்டு முறை மிதித்தால் நிற்கும், இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் மேலே போட்ட அடுக்கு கழன்றுவிடும், நின்றிருக்கும்போது அப்படிப் பிடித்தால் மொத்தமும் அழியும். சரி, இப்போது உங்கள் பழைய பெடலை யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது இரண்டு உலோகத் தகடுகள். அவை ஒன்றை ஒன்று தொடும்போது ஒரே தொடலாகத் தொடாது, சில மில்லி விநாடி துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். புதிய சுவிட்சில் அந்தத் துள்ளல் மிகச் சிறியது, பெட்டிக்குள் இருக்கும் சிப் அதைக் கண்டுகொள்ளாது. பாலாற்றுப் புழுதியும் மேடை மண்ணும் போய், தகடு கறுத்து, ஸ்பிரிங் தளர்ந்த பெடலில் துள்ளல் நீண்டுவிடும். நீங்கள் ஒரு முறைதான் மிதித்தீர்கள், லூப்பருக்கு இரண்டு மிதி போய்ச் சேர்ந்தது, இரண்டு மிதி என்றால் நில் என்று அர்த்தம். அது சொன்னபடி நின்றது.

இரண்டாவது தொல்லை இதைவிடச் சுவாரஸ்யமானது. நிறைய கீபோர்டுகள் ஆன் ஆகும் நேரத்தில் சஸ்டெய்ன் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். சில கம்பெனிப் பெடல் மிதித்தால் இணைப்பு சேரும், சிலது மிதித்தால் இணைப்பு பிரியும், இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று செய்த ஏற்பாடு அது. யுஎஸ்பி வயரைச் செருகும் அந்த நொடியில் உங்கள் கால் பெடல் மேல் இருந்தாலோ, கிடார் பை அதன் மேல் சாய்ந்திருந்தாலோ, அன்று முழுக்க எல்லாம் தலைகீழ். காலை எடுத்தால் மிதித்ததாக நினைக்கும், மிதித்தால் எடுத்ததாக நினைக்கும். நீங்கள் காலை எடுத்துவிட்டுப் பாட ஆரம்பிக்கிறீர்கள், லூப்பரோ நீங்கள் இன்னும் அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்து இரண்டு விநாடி எண்ணி அடுக்கைக் கழற்றுகிறது. 'சில நாள் மட்டும்' என்று நீங்கள் எழுதியிருந்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். பெடலே தவறான வகையாக இருந்தால் தினமும் நடந்திருக்கும். அடுத்த முறை அப்படி ஆனால் பதறாமல், பெடல் மேல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, கீபோர்டின் யுஎஸ்பி வயரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள்.

இதிலிருந்தே உங்களுக்கு என்ன மாதிரி சுவிட்ச் வேண்டும் என்பது தெரிந்துவிடும். மிதித்திருக்கும்வரை மட்டும் 'ஆன்', விட்டால் 'ஆஃப்' என்று இருக்கிற மொமன்டரி வகைதான் லூப்பருக்கு வேண்டும். ஒரு முறை மிதித்தால் ஆன் ஆகி அப்படியே நிற்கும் லாட்சிங் வகை வேண்டாம். லைவின் கையேட்டிலும் இந்தப் பட்டனுக்கு மொமன்டரி சுவிட்சைக் கொடுக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். கடையில் 'சார், எல்லாம் ஒன்னுதான்' என்பார்கள். ஒன்றில்லை. பாஸ் கம்பெனியில் எஃப்எஸ்-5யூ மொமன்டரி, பார்க்க அதே மாதிரி இருக்கும் எஃப்எஸ்-5எல் லாட்சிங். எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், மாறி வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அப்புறம் முக்கியமான விஷயம். கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் எத்தனை பட்டன், எத்தனை பேங்க் (பட்டன்களுக்கான வேலைத் தொகுப்பு), திரை இருக்கிறதா, கலர் லைட் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிடார் எஃபெக்ட் மாற்றுகிறவருக்கு அது சரி, சத்தம் மாறுவது கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பாட்டு கெடாது. லூப் போடுகிறவருக்கு அந்தச் சுவிட்ச் ஒரு தாள வாத்தியம். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம் முடிந்து சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், கால் விழுகிறது என்று வையுங்கள், அந்தக் கால் 40 மில்லி விநாடி தாமதமாகப் பதிவானால் அந்த ஆவர்த்தனம் 40 மில்லி விநாடி நீளமாகிவிடும். மிருதங்கக்காரர் ஒரு சமத்தைத் தவறவிட்டால் அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்வார், கேட்டவர்களும் மறந்துவிடுவார்கள். லூப்பில் அந்தத் தவறு சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும், அதன் மேல் நீங்கள் போடும் கஞ்சிரா, குரல் எல்லாம் அந்தக் கோணல் சுவர் மேல்தான் ஏறும். கிளிக் (தாளம் தட்டும் மெட்ரோனோம்) இல்லாமல் முதல் லூப்பிலிருந்து வேகத்தை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமை, ஏனென்றால் லைவ் மொத்தப் பாட்டின் வேகத்தையும் அந்த முதல் மூடலை வைத்துத்தான் கணக்குப் போடும். லூப்பரில் குவாண்டைஸை, அதாவது மிதித்ததைத் தாளக் கட்டத்தோடு சேர்க்கும் வசதியை, ஒரு பார் என்று வைத்தால் அடுத்த லூப்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும். அதை வையுங்கள், நல்லதுதான். முதல் லூப்பை மட்டும் எந்தக் குவாண்டைஸும் காப்பாற்றாது.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று நிறைய பேர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். மிடி (வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறை) வயர் மெதுவானது என்பார்கள். மிடி 1983-இல் வந்தது, இன்றும் அந்த ஐந்து முள் வயரில் விநாடிக்கு 31,250 பிட்தான் ஓடுகிறது. அதிலேயே ஒரு பட்டன் செய்தி போய்ச் சேர ஒரு மில்லி விநாடிதான் ஆகும். லேப்டாப்பில் பஃபர், அதாவது ஒலியைச் சேர்த்து அனுப்பும் துண்டின் அளவு, 256 என்று வைத்திருந்தால் அது ஒரு 6 மில்லி விநாடி. இதெல்லாம் காதுக்கே தெரியாது. உண்மையான தாமதம் பட்டனுக்குள் ஒளிந்திருக்கும். இப்போது வருகிற பல கன்ட்ரோலர்களில் ஒரே பட்டனுக்கு மூன்று வேலை கொடுக்கலாம்: ஒரு தட்டுக்கு ஒன்று, நீண்ட அழுத்தத்துக்கு ஒன்று, இரட்டைத் தட்டுக்கு ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் மிதித்த நொடியில் அது தட்டா, நீண்ட அழுத்தமா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? காலை எடுக்கும்வரை காத்திருந்தால்தான் தெரியும். ஆகவே செய்தியைக் காலை எடுக்கும்போதுதான் அனுப்பும். நாம் சாதாரணமாக ஒரு பெடலை மிதித்து எடுக்க 100, 150 மில்லி விநாடியாவது ஆகிறது. நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் ஒரு அட்சரம் 600 மில்லி விநாடி, அதில் கால் பங்கு போய்விட்டது. இரட்டைத் தட்டு வைத்த பட்டன் இன்னும் மோசம், இரண்டாவது தட்டு வருமா என்று பார்த்துவிட்டுத்தான் முதலாவதை அனுப்பும். எனவே எதை வாங்கினாலும், பதிவு ஆரம்பித்து மூடும் பட்டனுக்கு ஒரே வேலைதான், அது மிதித்தவுடன் போக வேண்டும். நல்ல கன்ட்ரோலரில் இதை நாமே அமைக்கலாம், உதாரணமாக சிங்கப்பூரில் செய்யப்படும் மார்னிங்ஸ்டாரில் ஒவ்வொரு பட்டனுக்கும் மிதிக்கும்போது என்ன, எடுக்கும்போது என்ன என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க முடியும். அது உங்கள் 15,000-க்குள் புதிதாக வருமா என்பது சந்தேகம்தான், ஆனால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

புளூடூத் பெடலை முதன்மைப் பெடலாக வைத்து மேடை ஏறாதீர்கள். உங்கள் நண்பர் வீட்டில் அது அருமையாக வேலை செய்திருக்கும், சந்தேகமில்லை. சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு கல்லூரி விழாவில் நான் சவுண்ட் பார்த்தேன், வாடகைக்கு வந்த வயர்லெஸ் பெடல் ஒன்றை லூப் போடும் பையன் ஒருவன் வைத்திருந்தான். மதியம் காலி அரங்கில் சரிபார்த்தபோது ஒரு குறையும் இல்லை. மாலையில் அரங்கம் நிரம்பியது, ஆயிரக்கணக்கான கைகளில் போன், பாதிப் பேர் வைஃபை ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார்கள், எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பெடல் துண்டிக்கவில்லை. துண்டித்திருந்தால்கூடப் பரவாயில்லை, என்ன ஆயிற்று என்றாவது தெரிந்திருக்கும். ஒரு மிதி உடனே போனது, அடுத்தது தாமதமாகப் போனது, செய்தி தொலைந்து தொலைந்து திரும்ப அனுப்பப்பட்டதால் வந்த தடுமாற்றம் அது. அந்தப் பையன் தன் தாளத்தையே சந்தேகப்பட்டு, மூன்றாவது பாட்டில் லூப்பை விட்டுவிட்டுச் சும்மா பாடினான். அவன் தாளத்தில் ஒரு பிசகும் இல்லை, நான் மிக்சரில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவனிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்பது இன்றும் எனக்கு வருத்தம். ஒரே தாமதம் என்றால் கால் பழகிவிடும். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்குப் பழகவே முடியாது. அதே பெடலில் யுஎஸ்பி வயர் போட்டும் மிடி அனுப்பும் வசதி இருந்தால் அது வேறு கதை, அப்போது அதை வயரோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

எஃப்சிபி1010 மீது எனக்கு மரியாதை உண்டு. உலோக உடம்பு, பத்துப் பட்டன், மேலும் கீழும் போக இரண்டு, இரண்டு எக்ஸ்பிரஷன் பெடல் (காலால் சாய்த்து வால்யூம் போன்றதை ஏற்றி இறக்குவது), ஐந்து முள் மிடி. அந்த ஐந்து முள் வயருக்கு இன்னொரு நன்மை, செய்தியை வாங்கும் முனையில் ஒளி வழியாகத் தாண்டும் ஆப்டோ ஐசொலேட்டர் இருக்கும், மின்சாரம் நேராகச் சேராது, ஆகையால் ஒரு பெட்டியின் எர்த் கோளாறு இன்னொன்றுக்குப் போய் ஹம் கிளப்பாது. 15 மீட்டர் வயர்கூடப் போடலாம். ஆனால் உங்களுக்கு இது வேண்டாம் என்பேன், மூன்று காரணம்.

ஒன்று, அதோடு வந்த மென்பொருளில் மிடி கன்ட்ரோல் செய்தி மிதித்ததை மட்டும் சொல்லும், காலை எடுத்ததைச் சொல்லாது. லைவின் அந்தப் பெரிய பட்டனுக்கு எடுத்ததும் தெரிய வேண்டும் என்று மேலே பார்த்தோம். யூனோ என்று ஒரு மாற்றுச் சிப் இருக்கிறது, பழைய சிப்பைக் கழற்றி அதைப் பொருத்தினால் இந்தக் குறை தீரும். விற்கிறவர் அதைப் பொருத்தியிருக்கிறாரா என்று கேளுங்கள், 'சிப்பா?' என்று திருப்பிக் கேட்டால் பொருத்தவில்லை. இரண்டாவது, அதில் யுஎஸ்பி இல்லை. உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிடார், மைக்கை லேப்டாப்போடு சேர்க்கும் பெட்டி) மிடி இன் துளை இருந்தால்தான் நேராகச் சேரும், இல்லையென்றால் நடுவில் மிடியை யுஎஸ்பி ஆக்கும் ஒரு மாற்றி வாங்க வேண்டும், மலிவு மாற்றி வாங்கினால் அதுவே புதுத் தலைவலி. மூன்றாவது காரணம்தான் எனக்குப் பெரியது. அது நேராகச் சுவர் பிளக்கில் ஓடுகிறது. மே மாதம் நம் ஊர் மண்டபத்தில் 40 டிகிரிக்கு மேல் வெயில், ஏசி எல்லாம் முழு வேகம், கரண்ட் ஒரு நொடி போய் ஜெனரேட்டர் பிடிக்கும். உங்கள் லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, அதிலிருந்து கரண்ட் எடுக்கும் இன்டர்ஃபேஸும் தப்பிக்கும், லூப் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் திரும்ப வரும்போது நீங்கள் அதே தாளத்தில் தொடர்ந்தால் கூட்டம் கைதட்டும். பெடல் மட்டும் அணைந்து எழுந்து முதல் பேங்க்கில் போய் நின்றால் அந்த வாய்ப்பு போச்சு. உங்களுக்கு லேப்டாப்பிலிருந்தே யுஎஸ்பி வழியாகக் கரண்ட் எடுக்கும் கன்ட்ரோலர்தான் சரி. இரண்டு எக்ஸ்பிரஷன் பெடலும் வேண்டும் என்று இருந்தால் மட்டும் எஃப்சிபி1010-ஐ ஒரு சின்ன யுபிஎஸ்ஸோடு யோசிக்கலாம், ஆனால் அதைக் குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆக, நான் உங்கள் மச்சான் பக்கம்.

ஆச்சரியமாக இருக்கலாம். வீட்டில் செய்தது எப்படி நம்பகமாக இருக்கும் என்று கேட்பீர்கள். நாலு சுவிட்ச், ஒரு போர்டு, ஒரு யுஎஸ்பி வயர், இவ்வளவுதான் உள்ளே. பழுது வரக்கூடிய இடங்கள் குறைவு, வந்தால் உங்கள் மச்சானே பத்து நிமிஷத்தில் பிரித்துப் பார்ப்பார். கடைப் பெட்டி பழுதானால் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு ஒரு மாசம் முகூர்த்தங்களை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் அவர் சில விஷயங்களைச் சரியாகச் செய்ய வேண்டும், அவருக்கு இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

போர்டு: ஆர்டுயினோ ஊனோ வேண்டாம், அது கம்ப்யூட்டருக்குத் தன்னை மிடி கருவி என்று நேராகச் சொல்லாது. லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ, அதாவது ஏடிமெகா32யூ4 சிப் உள்ளது, அதைச் செருகினால் டிரைவர் எதுவும் கேட்காமல் மிடி கருவியாகவே தெரியும். ப்ரோ மைக்ரோவில் சின்ன யுஎஸ்பி துளைதான் இருக்கும், அதை அப்படியே வெளியே நீட்டாதீர்கள், மேடையில் ஒருவர் கால் தடுக்கினால் துளையே பெயர்ந்துவிடும். பெட்டியில் பிரின்டருக்கு வருகிற மாதிரி சதுர யுஎஸ்பி துளை ஒன்றைத் திருகாணி போட்டுப் பொருத்தி, உள்ளே சின்ன வயரால் போர்டோடு சேருங்கள். வெளி வயர் 5 மீட்டருக்கு மேல் போக வேண்டாம், மூன்று மீட்டரே தாராளம்.

சுவிட்ச்: இரண்டு கால் (வயர் பற்றவைக்கும் முனை) உள்ள மொமன்டரி, 'டக்' என்று சத்தம் போடாத மெத்தென்ற வகை. ஒன்பது கால் உள்ள எஃபெக்ட் பெடல் சுவிட்ச் வேண்டாம், அது லாட்சிங், மிதிக்கவும் கடினம், அமைதியான இடத்தில் அந்தச் சத்தம் மைக்கிலும் விழும். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெரு பக்கம்தான். ஆறு வாங்குங்கள், நாலு பெட்டிக்கு, இரண்டு ஸ்பேர். துள்ளல் விஷயம்தான் இதில் உயிர். நிறைய பேர் நிரல் எழுதும்போது, சுவிட்ச் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து அப்புறம் செய்தி அனுப்புவது போல எழுதுவார்கள். அது தாமதத்தைச் சேர்க்கும். முதல் தொடல் வந்த உடனே செய்தியை அனுப்பிவிட்டு, அடுத்த 30 மில்லி விநாடிக்கு அந்தப் பட்டன் என்ன துள்ளினாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று எழுதச் சொல்லுங்கள். தாமதமும் இல்லை, இரட்டை மிதியும் இல்லை. மிதித்தால் 127 என்ற மிடி மதிப்பு, எடுத்தால் 0. அவ்வளவே போதும், திரை, கலர் லைட் எதுவும் வேண்டாம். லூப்பரின் நிலை உங்கள் லேப்டாப் திரையிலேயே தெரிகிறது.

பெட்டியில் பட்டனுக்குப் பட்டன் நடுவில் 10 சென்டிமீட்டராவது விடுங்கள். நெருக்கமாக வைத்த பெட்டிகள் மேசை மேல் அழகாக இருக்கும், ஷூ போட்ட காலுக்கு இரண்டு பட்டன் ஒன்றாக அமுங்கும். உங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கெங்கையம்மன் சிரசு மாதிரி திருவிழா மேடைகளில், கோயில் வளாகத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் நிற்பீர்கள். சின்ன உலோகக் குமிழை இரண்டு மணி நேரம் வெறுங்காலால் மிதித்தால் விரலுக்கு அடியில் கன்றிப்போகும், அப்புறம் கால் தயங்கும், தயங்கினால் தாளம் போகும். குமிழ் மேல் அகலமான பிளாஸ்டிக் மூடி மாட்டிக்கொள்ளுங்கள். அதே மாதிரி, மாலை நிகழ்ச்சிக்கு மதியமே மேடையில் சாமானை அடுக்கிவிட்டு வெயிலில் விட்டுவிடாதீர்கள், இரும்புப் பெட்டி காலைச் சுட்டுவிடும், மேலே ஒரு துண்டாவது போர்த்துங்கள். பெட்டி மேடைப் பலகையில் வழுக்கிக்கொண்டு போவது பெரிய தொல்லை. அதற்கு மருந்து நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே இருக்கிறது, சோலுக்குப் போடும் ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை அடியில் ஒட்டினால் அசையாது.

பட்டன் வேலைகளை இப்படிப் பிரிப்பேன். முதல் பட்டன் முதல் லூப்பரின் பெரிய பட்டனுக்கு. இரண்டாவது, இரண்டாவது லூப்பரின் பெரிய பட்டனுக்கு, கஞ்சிராவைத் தனியாக ஓடவிடலாம். மூன்றாவது நிறுத்த. நாலாவது கடைசி அடுக்கைக் கழற்ற. நிறுத்துவதற்குத் தனிப் பட்டன் வந்துவிட்டதால் இரட்டை மிதியை நீங்கள் நம்பி இருக்க வேண்டாம். மொத்தமாக அழிக்கும் வேலைக்குக் காலில் பட்டனே வைக்க வேண்டாம், பாட்டு முடிந்ததும் கையால் அழித்துக்கொள்ளலாம். லைவின் மிடி அமைப்பில் இந்தப் பெட்டிக்கு 'ரிமோட்' என்பதை ஆன் செய்ய மறக்காதீர்கள்.

மச்சான் செய்யும்வரை இடையில் வரும் நிகழ்ச்சிகளுக்கு, உங்கள் 15,000-இல் கொஞ்சம் எடுத்து நான் மேலே சொன்ன எஃப்எஸ்-5யூ ஒன்றை வாங்கி, இப்போது உள்ள கீபோர்டிலேயே செருகுங்கள். அதில் மிதித்தால் சேர்வதா பிரிவதா என்று மாற்றும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, பேட்டரி தேவையில்லை. புதுப் பெட்டி வந்த பிறகும் அதைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். பெட்டி படுத்தால் ஒரே பெடலோடு அன்றைய இரவைக் கடத்திவிடலாம். லைவில் அதற்கும் முதல் லூப்பருக்கும் முன்பே இணைப்பு கொடுத்து ஒரு செட்டைத் தனியாகச் சேமித்து வையுங்கள், மேடையில் நின்றுகொண்டு அமைக்க முடியாது.

கடைசியாக, எந்தப் பெட்டியையும், அது உங்கள் மச்சான் செய்ததோ, கடையில் கண்ணாடிக்குள் இருப்பதோ, இப்படிச் சோதித்துப் பாருங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, வருகிற ஒவ்வொரு செய்தியையும் வரி வரியாகக் காட்டும். ஒரு பட்டனை மிதித்து அப்படியே பிடித்திருங்கள். மிதித்த உடனே 127 என்று ஒரு வரி வர வேண்டும், காலை எடுத்தால்தான் வரி வருகிறது என்றால் அந்த அமைப்பை மாற்ற முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்தப் பெட்டி லூப்புக்கு ஆகாது. அப்புறம் நூறு முறை மிதியுங்கள். மெதுவாக, வேகமாக, ஓரத்தில், நடுவில், வெறுங்காலில், ஷூவில். 127 நூறு வரி, 0 நூறு வரி இருக்க வேண்டும். 101 இருந்தால் வாங்காதீர்கள், அந்த ஒன்றுதான் முகூர்த்தத்தன்று வரும். பிறகு ஒரு லூப்பை ஓடவிட்டு யுஎஸ்பி வயரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். லைவை மூடித் திறக்காமல் பெட்டி தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மேடையில் குழந்தைகள் ஓடும், வயர் பிடுங்கப்படும், அது நடக்கும்போது என்ன ஆகும் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது உங்கள் பழைய பெடலையே முதலில் இந்த நூறு மிதிச் சோதனைக்கு வைத்து, எத்தனை வரி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். துள்ளல்தான் காரணமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். நூறுதான் வந்தது என்றால் கோளாறு கீபோர்டின் துளையில் இருக்கலாம், அடுத்த முறை வேலூர் வரும்போது அதையும் எடுத்து வாருங்கள், பிரித்துப் பார்ப்போம்.